கேம்பில் அடிபட்டு ஊர் திரும்பியவருக்கும் கேம்பில் இறந்தவரின் வீட்டாருக்கும் உள்ள நட்டஈடு

ஈராக், ஆப்கானிஸ்தான், குவைத் என்று அமெரிக்கப் படைமுகாம்களில் சமையலறை, சலவை, லொறி, ஜெனரேட்டர், துப்புரவு வேலைகளுக்குப் போய் வந்தவர்கள் நம் கிழக்கில், மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை, இருக்கிறார்கள். அவர்களில் அடிபட்டு வந்தவரிடம் ஏஜென்ட் சொல்வது பெரும்பாலும் ஒரே பதில்தான்: கம்பனி டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டது, சம்பளப் பாக்கியும் தந்தாயிற்று, இனி கேட்பதற்கு ஒன்றுமில்லை. அந்தப் பதில் பிழை. அதை நம்பி ஒரு வருடத்தைக் கடத்திவிட்டால் உண்மையிலேயே ஒன்றுமில்லாமல் போய்விடலாம். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 1941 இல் வந்த ‘டிஃபென்ஸ் பேஸ் அக்ட்’ என்ற சட்டம் இருக்கிறது. துறைமுகத் தொழிலாளருக்காக 1927 இல் இயற்றிய நட்டஈட்டுச் சட்டத்தை, நாட்டுக்கு வெளியே அமெரிக்க அரசின் ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்களுக்கும் நீட்டுவதே அதன் வேலை. பொறுப்பாக இருப்பது அமெரிக்கத் தொழில் திணைக்களம். வேலையாள் எந்த நாட்டவர் என்று இந்தச் சட்டம் பார்ப்பதில்லை. சம்பளம் தந்தது துபாய்க் கம்பனியா, குவைத் கம்பனியா, துருக்கிக் கம்பனியா என்பதும் முக்கியமில்லை. அந்த வேலை எந்த அரசின் ஒப்பந்தத்துக்குக் கீழே நடந்தது என்பதுதான் கேள்வி. மேலே ஒரு பெரிய அமெரிக்கக் கம்பனி, அதன் கீழ் ஒரு வளைகுடாக் கம்பனி, அதற்கும் கீழ் ஆள் சேர்த்துக் கொடுத்த இன்னொரு கம்பனி என்று மூன்று நான்கு படி இருந்தாலும் கடைசிப் படியில் நின்று பாத்திரம் கழுவியவரும் இதற்குள் வருகிறார். கீழ்க் கம்பனி இதற்கான காப்புறுதியை எடுக்காமல் விட்டிருந்தால் பொறுப்பு மேலே உள்ள கம்பனிக்குப் போகும்.

போர் நடக்கும் நாடாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. குவைத்தின் அரிஃப்ஜான் கேம்பில் போர்க்லிஃப்ட் தட்டிக் கால் முறிந்தவருக்கும் ஆப்கானிஸ்தானின் பக்ராம் கேம்பில் ரொக்கெட் விழுந்து காயப்பட்டவருக்கும் ஒரே சட்டம்தான். குவைத் நகரத்தில் ஒரு தனியார் ஹோட்டலில் வேலை செய்தவருக்கு இது பொருந்தாது. அது குவைத் சட்டத்தின் விஷயம்.

இன்னும் ஒரு பிழையான கதை, ‘போர்த் தாக்குதல் என்றால் காப்புறுதி தராது’ என்பது. சாதாரண ஆயுள் காப்புறுதியில் அப்படி ஒரு விதி இருக்கலாம். இங்கே நிலைமை நேரெதிர். 1942 இல் வந்த போர் அபாய நட்டஈட்டுச் சட்டத்தின்படி, காயம் போர்த் தாக்குதலால் வந்தது என்றால் காப்புறுதிக் கம்பனி கொடுத்த பணத்தை அமெரிக்க அரசு அந்தக் கம்பனிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. ஆகவே ஷெல் விழுந்தது என்பது உங்கள் உரிமையைக் குறைக்கும் காரணமே இல்லை.

வேலை நேரத்துக்கு வெளியே நடந்த விபத்தும் பல வேளைகளில் உள்ளே வரும். குவாம் தீவில், கடலில் சிக்கிய இருவரைக் காப்பாற்றப் போய் மூழ்கிய ஒரு தொழிலாளியின் வழக்கில் 1951 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்தது. வேலைக்காக ஆபத்தான ஓர் இடத்தில் ஒருவரைக் கொண்டுபோய் இருத்தினால், அந்த இடத்தின் நிலைமைகளால் வரும் காயம் வேலையோடு சேர்ந்ததுதான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இரவில் கொண்டெய்னர் அறைப் படியில் வழுக்கியது, சைரன் கேட்டுப் பங்கருக்கு ஓடும்போது முழங்கால் திருகியது எல்லாம் இந்த வழியில் கோரப்படக் கூடியவை.

நாட்கணக்கு

காயப்பட்டதை வேலைகொடுத்தவருக்கு எழுத்தில் அறிவிக்க 30 நாள். அதற்குரிய படிவம் எல்எஸ்-201. நட்டஈட்டுக் கோரிக்கையைத் திணைக்களத்துக்குக் கொடுக்க ஒரு வருடம். அது எல்எஸ்-203. காப்புறுதிக் கம்பனி தானாகவே கொஞ்ச காலம் பணம் கொடுத்து நிறுத்தியிருந்தால், அந்தக் கடைசிக் கொடுப்பனவிலிருந்து ஒரு வருடத்தை எண்ண வேண்டும். மெல்ல மெல்ல வெளிப்படும் தொழில்சார் நோய்களுக்கு இரண்டு வருடம். நோயும் வேலையும் தொடர்புடையவை என்று தெரியவந்த நாளிலிருந்து அது தொடங்கும். ஜெனரேட்டர் இரைச்சலில் காது போனவருக்கு, கேட்டல் பரிசோதனை செய்து அதன் அறிக்கை கையில் கிடைக்கும் வரை நாட்கணக்கு ஓடாது. வந்து பல வருடம் ஆகிவிட்டது என்று காது விஷயத்தைக் கைவிடாமல் ஒரு முறை பரிசோதித்துப் பாருங்கள்.

30 நாள் தவறிவிட்டதா? விபத்து நடந்தது மேற்பார்வையாளருக்குத் தெரியும், கேம்ப் கிளினிக்கில் மருந்து கட்டியிருக்கிறார்கள் என்றால் அந்தத் தவறு பெரும்பாலும் மன்னிக்கப்படும். ஒரு வருடம் தவறியிருந்தால் கடினம், ஆனாலும் வழி முழுதாக அடைபடவில்லை. விபத்தைக் கம்பனி அறிந்த 10 நாளுக்குள் எல்எஸ்-202 என்ற அறிக்கையை அது திணைக்களத்துக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், கொடுக்கும் நாள் வரை உங்களுடைய ஒரு வருடம் தொடங்குவதில்லை. கீழ்ப்படிக் கம்பனிகள் பல இந்த அறிக்கையைக் கொடுப்பதே இல்லை. ஆகவே பழைய காயம் என்று மற்றவர் சொல்லைக் கேட்டு விடாமல், எல்எஸ்-202 எப்போது கொடுக்கப்பட்டது என்ற ஒரு கேள்வியை முதலில் கேளுங்கள். பதில் ‘கொடுக்கப்படவில்லை’ என்றால் கதை மாறும்.

படிவங்கள் எல்லாம் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசம். யாருக்கும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. காப்புறுதிக் கம்பனியின் பெயர் தெரியாது என்பதற்காகக் கோரிக்கையைத் தாமதிக்கவும் வேண்டாம். தெரிந்ததை எழுதி அனுப்பிவிட்டு, மிச்சத்தைத் திணைக்களத்திடமே கேட்கலாம்.

கேம்பில் வேலை செய்ததற்கு என்ன அத்தாட்சி என்று கேட்பார்கள். ஒப்பந்தக் கடிதம் இருந்தால் நல்லது. பலரிடம் அது இருக்காது, ஏஜென்ட் திருப்பி வாங்கியிருப்பார். பேட்ஜின் படம், கேம்புக்குள் நுழைய அனுமதித்த கடிதம், சம்பளச் சீட்டு, வங்கியில் வந்த பணத்தின் விபரம், கடவுச்சீட்டு முத்திரை, விமான டிக்கெட், மேற்பார்வையாளரோடு பேசிய வாட்ஸ்அப், கூட வேலை செய்தவர்களின் பெயரும் இன்றைய தொலைபேசி இலக்கமும்: இவற்றில் எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். முக்கியமாக, போன் மாற்றும்போது பழைய வாட்ஸ்அப் அழிந்துபோகிறது. பழைய போனை விற்பதற்கு முன் அதிலுள்ள படங்களையும் பேச்சுகளையும் மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். பேட்ஜை நாடு திரும்பும் நாளில் வாங்கிவிடுவார்கள், இப்போது அங்கே இருப்பவர்கள் அதன் இரு பக்கத்தையும் இன்றே படமெடுத்து வீட்டுக்கு அனுப்புவது நல்லது.

சுற்றுலா விசாவில் துபாய் போய் அங்கிருந்து ஈராக்குக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போனவர்கள், தங்களுக்கு உரிமையே இல்லை என்று வாய்மூடி இருக்கிறார்கள். பணியகப் பதிவு இல்லாவிட்டால் இழப்பது பணியகக் காப்புறுதியை. அமெரிக்கச் சட்டம் அந்தப் பதிவைக் கேட்பதில்லை. பதிந்து போனவர்கள் இரண்டையும் தனித்தனியே கோர வேண்டும். பணியகக் காப்புறுதிப் பணம் கைக்கு வந்துவிட்டது என்பதற்காக மற்றதை விட்டுவிடக் கூடாது. பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் தமிழில் பேசிக் கேட்கலாம்.

எவ்வளவு வரும்

எல்லாக் கணக்கும் சராசரி வாரச் சம்பளத்திலிருந்து தொடங்குகிறது. வேலை செய்ய முடியாதிருக்கும் காலத்துக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு. முதல் 3 நாளுக்கு இல்லை, இயலாமை 14 நாளுக்கு மேல் நீண்டால் அந்த 3 நாளும் சேரும். அமெரிக்கத் துறைமுகத் தொழிலாளிக்கு இருக்கும் குறைந்தபட்சத் தொகை என்ற பாதுகாப்பு இந்தச் சட்டத்தில் எடுத்துவிடப்பட்டிருக்கிறது. குறைந்த சம்பளம் வாங்கியவருக்குக் குறைந்த நட்டஈடுதான். இது எனக்கு நெஞ்சு பொறுக்காத இடம். ஒரே ஷெல்லில் காலை இழந்த அமெரிக்க லொறிச் சாரதிக்கும் நம் ஊர்ச் சாரதிக்கும் கிடைக்கும் தொகை மலைக்கும் மடுவுக்கும். அதனாலேயே சம்பளக் கணக்கைச் சரியாகக் காட்டுவதில் ஒரு டொலரையும் விட முடியாது.

மாதம் 600 டொலர் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது என்று வைப்போம். வருடத்துக்கு 7,200, அதை 52 ஆல் பிரித்தால் வாரம் 138.46, மூன்றில் இரண்டு 92.31 டொலர். ஆனால் ஓய்வுநாள் இல்லாமல் தினம் பன்னிரண்டு மணி நேரம் செய்து ஓவர்டைமோடு மாதம் 850 வந்திருந்தால் வாரச் சம்பளம் 196.15, நட்டஈடு 130.77. ஒரு பாதத்தை இழந்தவருக்கு 205 வார நட்டஈடு. முதல் கணக்கில் ஏறத்தாழ 18,920 டொலர், இரண்டாவதில் ஏறத்தாழ 26,800. கம்பனி எல்எஸ்-202 இல் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் எழுதியிருந்தால் கிட்டத்தட்ட 7,900 டொலர் ஓசையில்லாமல் போய்விடும். வங்கியில் உண்மையாக வந்த தொகையை மாதம் மாதமாக எழுதி, வங்கி அச்சிட்டுத் தரும் கணக்குக்கூற்றோடு வையுங்கள்.

இன்னொரு இடத்திலும் குறைப்பார்கள். போய் மூன்று மாதத்தில் அடிபட்டவரின் சம்பளத்தை, அதற்கு முந்திய ஒன்பது மாதம் ஊரில் கூலிவேலை செய்து உழைத்ததோடு கலந்து சராசரி எடுப்பார்கள். ஆபத்தான இடத்தில் கூடிய சம்பளத்துக்கு முழுநேரமாக ஒரு வருட ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவருக்கு அந்த வெளிநாட்டுச் சம்பளத்தை வைத்தே கணக்கிட வேண்டும் என்று 2009 இல், இந்தக் கோரிக்கைகளின் மேன்முறையீட்டைக் கேட்கும் பயன்கள் மீளாய்வுச் சபை தீர்த்திருக்கிறது. ஒப்பந்தக் காலம் எழுதப்பட்ட தாள் இதற்காகத்தான் பெறுமதியானது.

உறுப்புகளுக்குச் சட்டத்திலேயே வார எண்ணிக்கை உண்டு. கை முழுவதும் 312, மணிக்கட்டுக்குக் கீழ் 244, கால் முழுவதும் 288, பாதம் 205, கண் 160, பெருவிரல் 75, சுட்டுவிரல் 46, நடுவிரல் 30, மோதிர விரல் 25, சின்னி விரல் 15, காலின் பெருவிரல் 38. ஒரு காது 52, இரண்டும் என்றால் 200. முழு இழப்புக்கு முழு வாரங்கள், பாதி இழப்பென்று வைத்தியர் மதிப்பிட்டால் பாதி. விரலின் நுனி மூட்டு மட்டும் போனால் அந்த விரலுக்குரியதில் அரைவாசி, அதற்கு மேல் போனால் முழு விரல் கணக்கு. சலவை இயந்திரத்திலும் இறைச்சி வெட்டும் இயந்திரத்திலும் விரல் போனவர்கள் இந்த மூட்டுக் கணக்கைக் கவனிக்க வேண்டும், எக்ஸ்ரே இல்லாமல் இதை நிறுவ முடியாது. உறுப்புக்கான இந்தத் தொகை, சிகிச்சைக் காலத்துக்குக் கிடைத்ததற்கு மேலதிகமானது. அதிலிருந்து இதைக் கழிப்பதில்லை.

முதுகு, கழுத்து, தலை, மனம் ஆகியவை இந்தப் பட்டியலில் இல்லை. உழைக்கும் ஆற்றல் எவ்வளவு குறைந்தது என்பதை வைத்தே அவற்றுக்கு நட்டஈடு. முந்தைய வேலைக்குத் திரும்ப முடியாது என்று நீங்கள் காட்ட வேண்டும். வேறு பொருத்தமான வேலை இருக்கிறது என்று காட்டுவது காப்புறுதித் தரப்பின் கடமை. இங்கே அவர்கள் ஒரு வேலைச்சந்தை அறிக்கை கொண்டுவருவார்கள்: கடைக் காசாளர், காவலாளி, தொலைபேசி எடுப்பவர் என்று. அந்த வேலை வாகரையிலிருந்தோ திருக்கோவிலிலிருந்தோ தினமும் போய்வரக்கூடிய இடத்திலா, சிங்களமோ ஆங்கிலமோ கட்டாயமா, எத்தனையாம் வகுப்புப் படித்திருக்க வேண்டும், முதுகு நொந்தவர் எட்டு மணி நேரம் நிற்க வேண்டுமா என்று ஒவ்வொன்றாக மறுக்க வேண்டும். பொத்தாம்பொதுவாக ‘வேலை இல்லை’ என்று சொன்னால் எடுபடாது. அந்தக் கடைகளுக்குப் போய் விண்ணப்பித்து, கிடைத்த பதிலைத் திகதியோடு எழுதி வைப்பது நல்ல ஆதாரம்.

வைத்தியச் செலவுக்கு வார எல்லை கிடையாது, அந்தக் காயத்துக்குத் தேவைப்படும் வரை. யாரிடம் காட்டுவது என்பதை நீங்களே தெரிவு செய்யலாம். கொழும்புக்குப் போய்வந்த பஸ், ரயில், வான் செலவும் கோரலாம், பற்றுச்சீட்டு இருந்தால்.

டொக்டர் என்ன எழுத வேண்டும்

கோரிக்கைகள் விழுவது அதிகமும் இந்த இடத்தில். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ கல்முனையிலோ தங்கிச் சிகிச்சை பெற்றவரிடம் டயக்னோசிஸ் கார்டும் கிளினிக் கொப்பியும் இருக்கும். அவற்றில் நோயின் பெயரும் மருந்தும் மட்டும் இருக்கும், ஏன் வந்தது என்று ஒரு சொல்லும் இருக்காது. அரசாங்க வைத்தியசாலையின் நெருக்கடியில் அதற்கு நேரமில்லை, அதில் வைத்தியர்களைக் குறை சொல்ல முடியாது. கிளினிக்கில் பார்க்கும் அதே விசேட வைத்திய நிபுணரைச் சனல் பண்ணி, முழுமையான கடித வடிவ அறிக்கை ஒன்றைக் கேளுங்கள். அதில் இருக்க வேண்டியவை: விபத்து எப்படி நடந்தது, எந்தத் திகதி, அதற்கு முன் இந்தப் பிரச்சினை இருந்ததா, பரிசோதனையிலும் ஸ்கேனிலும் என்ன தெரிகிறது, இந்த விபத்து இதற்குக் காரணமா அல்லது இருந்ததை மோசமாக்கியதா, எவ்வளவு தூக்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம், இன்னும் குணமாக இடமுண்டா, நிரந்தரக் குறைபாடு எத்தனை வீதம். ‘வேலைக்குத் தகுதியற்றவர்’ என்ற ஒற்றை வரிக் கடிதத்தைக் காப்புறுதிக் கம்பனி ஒரு பக்கம் தள்ளிவைத்துவிடும்.

வைத்தியசாலையில் தங்கியிருந்த காலத்தின் பி.எச்.டி (பெட் ஹெட் டிக்கெட்) இலக்கத்தைக் குறித்து வையுங்கள். பிறகு பதிவறையில் பதிவேட்டைத் தேடுவதற்கு அது இல்லாமல் ஏலாது.

ஊர் வந்து ஆறு மாதம் எந்த வைத்தியரிடமும் போகாமல் எண்ணெய் போட்டுக்கொண்டு இருந்துவிட்டுப் பிறகு ஸ்கேன் எடுத்தால், ‘இது ஊரில் வந்தது’ என்பார்கள். வந்த வாரமே வெளிநோயாளர் பிரிவில் ஒரு துண்டாவது எழுதுவித்துக்கொள்ள வேண்டும். ஒட்டகப்புலத்தாரிடமோ வேறு பரம்பரை வைத்தியரிடமோ முறிவுக்குக் கட்டுப் போடப் போவதானாலும், அதற்கு முன் எக்ஸ்ரே எடுத்து வையுங்கள்.

மனக் காயம் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். தூக்கமின்மை, திடுக்கிடல், கோபம், கெட்ட கனவு, ஆட்களோடு சேர முடியாமை என்று கேம்பிலிருந்து வந்த மனவடு நோய்க்கும் இந்தச் சட்டத்தில் நட்டஈடும் வைத்தியமும் உண்டு, உடலில் ஒரு கீறலும் இல்லாவிட்டாலும். நம் மாவட்டத்து ஆட்களுக்கு எதிராகக் காப்புறுதித் தரப்பு எடுக்கக்கூடிய வாதம் ஒன்று இருக்கிறது. இவர் யுத்தத்துக்குள் வளர்ந்தவர், 1990 இல் இடம்பெயர்ந்தவர், 2004 சுனாமியில் உறவினரை இழந்தவர், இந்த நோய் அங்கிருந்து வந்தது, எங்கள் கேம்பிலிருந்து அல்ல என்பது. இதைக் கேட்டு, பயந்து, பழைய இழப்புகளை மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மறைக்கவே கூடாது. பிறகு வெளிப்பட்டால் முழுக் கோரிக்கையும் நம்பிக்கை இழக்கும். மறைக்க வேண்டிய தேவையும் இல்லை, ஏனென்றால் ஏற்கனவே இருந்த ஒன்றை வேலை மோசமாக்கியிருந்தாலும் முழு இயலாமைக்கும் வேலைகொடுத்தவரே பொறுப்பு என்பது இந்தச் சட்டத்தின் உறுதியான விதி. ஆளை எந்த நிலையில் எடுத்தார்களோ அந்த நிலையோடுதான் எடுத்தார்கள்.

ஆகவே அறிக்கையில் வர வேண்டியது முன்னும் பின்னும். சுனாமிக்குப் பிறகும் இவர் மீன்பிடித்தார், கடை நடத்தினார், கல்யாணம் செய்தார், மாத்திரை இல்லாமல் தூங்கினார். கேம்பில் இன்ன மாதம் இன்ன தாக்குதல், இன்னாருடைய உடலைத் தூக்கினார். வந்த பிறகு இன்ன மாற்றம். மனைவி, அண்ணன் தம்பி, முன்பு வேலை கொடுத்தவர் ஆகியோர் கண்டதைச் சத்தியக் கடதாசியாக எழுதித் தரலாம். மனநல கிளினிக்குக்குப் போனால் ஊர் கதைக்கும், மகளின் சம்பந்தம் கெடும் என்று தள்ளிப்போடுகிறார்கள். அந்தப் பயம் எனக்கு நன்றாக விளங்குகிறது. ஆனாலும் சிகிச்சைப் பதிவு இல்லாத மனநோய்க் கோரிக்கையை வெல்வது மிகக் கடினம். மாதம் ஒரு முறை கிளினிக் கொப்பியில் விழும் அந்தத் திகதி முத்திரைதான் ஆதாரம், அதைவிட முக்கியமாக அந்த மனிதருக்கு அதுவே வைத்தியமும்.

பணம் வரத் தொடங்கிய பிறகு

கம்பனி விபத்தை அறிந்த 14 நாளுக்குள் முதல் கொடுப்பனவு செலுத்தப்பட வேண்டியதாகிறது. மறுப்பதென்றால் எல்எஸ்-207 மூலம் காரணம் எழுத வேண்டும். மறுக்காமலும் கொடுக்காமலும் இழுத்தடித்தால் தாமதமான தொகையில் 10 வீதம் மேலதிகம். மறுப்பு வந்துவிட்டால் கதை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள், அது ஒரு தரப்பின் கடிதம் மட்டுமே. திணைக்கள அதிகாரி முன் இணக்கப் பேச்சு ஒன்று வைக்கக் கேட்கலாம், தொலைபேசியில் நடக்கும். அதில் சரிவராவிட்டால் எல்எஸ்-18 கொடுத்து நிர்வாகச் சட்ட நீதிபதியிடம் போகலாம்.

பணம் வந்துகொண்டிருக்கும்போது எல்எஸ்-200 என்ற உழைப்பு அறிக்கைப் படிவம் வரலாம். 30 நாளுக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும், ஒரு சதமும் உழைக்கவில்லை என்றாலும் ‘இல்லை’ என்று எழுதி. ஆங்கிலக் கடிதம் என்று அலுமாரியில் போட்டுவிட்டால், அல்லது ஓட்டோ ஓடி உழைத்ததை மறைத்தால், அந்தக் காலத்து நட்டஈட்டை இழக்க நேரிடும். காப்புறுதித் தரப்பின் வைத்தியரிடம் பரிசோதனைக்கு வரச் சொல்வார்கள், காரணமில்லாமல் மறுத்தால் கொடுப்பனவை நிறுத்தலாம். போக்குவரத்துச் செலவு அவர்களுடையது. முகநூலையும் பார்ப்பார்கள். அறுவடை நாளில் நெல்மூட்டைக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படம்கூட வழக்கில் வந்து நிற்கும்.

வாக்குமூலம் வீடியோவில் எடுத்தால் மொழிபெயர்ப்பாளர் இந்தியத் தமிழராக இருக்கலாம். விளங்காத கேள்விக்குத் தலையாட்டாமல் திரும்பக் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

வழக்கை ஒரே தொகையாக முடிக்கப் பேசுவார்கள். இங்கே வெளிநாட்டவருக்கு மட்டும் ஒரு பாதகமான விதி உண்டு. அமெரிக்காவிலோ கனடாவிலோ வசிக்காத வெளிநாட்டவருக்கு இனி வரவிருக்கும் நிரந்தர இயலாமைக் கொடுப்பனவுகளையும் மரணக் கொடுப்பனவுகளையும், அவற்றின் இன்றைய பெறுமதியில் அரைவாசியை ஒரேயடியாகக் கொடுத்து முடித்துவிடக் காப்புறுதிக் கம்பனி கேட்கலாம். அமெரிக்கருக்கு இது இல்லை. இந்த அநீதியை மாற்றும் பலம் நம்மிடம் இல்லை. ஆனால் பேச்சில் அந்த அரைவாசிதான் அவர்களுடைய அடித்தளம் என்று தெரிந்து உட்கார வேண்டும், அதற்கும் கீழே ஒரு தொகையை ‘கடைசி விலை’ என்று சொன்னால் ஏற்கக் கூடாது. இணக்கம் எதுவானாலும் திணைக்களமோ நீதிபதியோ அங்கீகரித்தால்தான் செல்லும். கேம்பை விட்டு வரும் நாளில் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று வாங்கிய ஒப்பத்துக்குச் சட்டத்தில் பெறுமதி இல்லை. அங்கீகரித்த இணக்கத்தையோ திரும்பத் திறக்க முடியாது. எதிர்கால வைத்தியச் செலவு அதற்குள் அடங்குகிறதா என்று முதலில் கேளுங்கள். முதுகில் உலோகத் தகடு உள்ளவர் அதையும் சேர்த்து விற்றுவிட்டால் அடுத்த சத்திரசிகிச்சை தன் செலவில்தான்.

சட்டத்தரணியின் கூலியைத் திணைக்களமோ நீதிபதியோ அங்கீகரிக்க வேண்டும், கோரிக்கை மறுக்கப்பட்டுப் பின் வென்றால் பெரும்பாலும் எதிர்த்தரப்பே செலுத்தும். அங்கீகாரம் இல்லாமல் தொழிலாளியிடம் கூலி வாங்குவது அமெரிக்கச் சட்டத்தில் குற்றம். வரும் பணத்தில் பாதி எனக்கு, முன்பணமாக ஒரு லட்சம் தா என்று வீட்டுக்கு வரும் தரகருக்குக் கடவுச்சீட்டையோ வங்கிப் புத்தகத்தையோ கொடுக்காதீர்கள். வெற்றுத் தாளில் ஒப்பமும் வேண்டாம்.

இறந்தவரின் குடும்பம்

கேம்பில் இளவயதில் மாரடைப்பால் இறந்தவரின் வீட்டாருக்கு ‘இயற்கை மரணம், ஒன்றும் கிடையாது’ என்று சொல்லியனுப்புகிறார்கள். அப்படி ஒரு விதி இல்லை. கடும் வெயிலில் பன்னிரண்டு மணி நேர வேலை, தூக்கமின்மை, தாக்குதல் பயம் ஆகியவை காரணமாக இருக்கக்கூடும் என்று காட்டினால், வேலையே காரணம் என்ற ஊகம் குடும்பத்தின் பக்கம் நிற்கும். அதை உடைக்கும் ஆதாரம் கொண்டுவருவது காப்புறுதித் தரப்பின் பாடு. கேம்ப் கிளினிக் பதிவையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையையும் எழுத்தில் கேளுங்கள். நெஞ்சு நோகிறது என்று அவர் முதல்நாள் மனைவிக்கு அனுப்பிய குரல்பதிவு இருந்தால் அழித்துவிடாதீர்கள்.

கோரிக்கைப் படிவம் எல்எஸ்-262, மரணத்திலிருந்து ஒரு வருடம். மனைவிக்கு வாரச் சம்பளத்தில் 50 வீதம், பிள்ளைகளும் இருந்தால் மொத்தம் மூன்றில் இரண்டு பங்கு. பிள்ளைகளுக்கு 18 வயது வரை, படித்துக்கொண்டிருந்தால் 23 வரை. அடக்கச் செலவு 3,000 டொலருக்கு மேற்படாமல். மனைவி மறுமணம் செய்தால் இரண்டு வருடத் தொகையை ஒன்றாகக் கொடுத்து அவருடைய பங்கு முடியும். வெளிநாட்டுக் குடும்பங்களில் மனைவியும் பிள்ளைகளும் இல்லாதபோது மட்டும் தாய் தகப்பனுக்கு உரிமை, அதுவும் விபத்துக்கு முந்திய ஒரு வருடம் அவர் அவர்களைப் பராமரித்திருந்தால். கல்யாணமாகாத தம்பிமார் பணத்தை அக்காவின் கணக்குக்கு அனுப்பி, அக்கா அம்மாவுக்குக் கொடுக்கும் வீடுகளில் இந்த ஒரு வருடத்தை நிறுவுவது பெரும்பாடு. தாயின் பெயரிலேயே பணம் அனுப்புங்கள். சகோதரருக்கு இதில் பங்கில்லை.

பத்திரங்களில் பெயர் பொருந்தாமை இங்கே மிகப் பெரிய தலையிடி. கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னால், விவாகப் பதிவில் முதலெழுத்து மட்டும், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் வேறு ஆங்கில எழுத்துக்கூட்டல். இவர்கள் எல்லாம் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து, கிராம உத்தியோகத்தரின் சான்றிதழைப் பிரதேச செயலாளரின் மேலொப்பத்தோடு எடுத்து, எல்லாவற்றையும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கிலத்தில் ஆக்குங்கள். நிக்காஹ் முடித்தும் பதியாமல் விட்டவர்கள், கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பதிவைத் தள்ளிப்போட்டவர்கள், வெளிநாடு போகும் முன் பதிந்துவிடுவது மனைவிக்குச் செய்யும் பெரிய பாதுகாப்பு. வங்கிக் கணக்கின் பெயரும் கடவுச்சீட்டின் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். அமெரிக்கக் காசோலை இங்கே மாறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும், நேரடியாகக் கணக்குக்கு அனுப்பும்படி எழுத்தில் கேளுங்கள்.

தகப்பன் இறந்து பல வருடம் கடந்த வீடுகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சட்டப்படி பாதுகாவலர் நியமிக்கப்படாத பிள்ளைக்கு அந்த ஒரு வருடம் 18 வயது நிரம்பும்போதுதான் தொடங்குகிறது. தாயின் கோரிக்கை காலம் கடந்துபோயிருந்தாலும் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனின் கோரிக்கை இன்னும் உயிரோடு இருக்கலாம். அவனுடைய பிறப்புச் சான்றிதழையும் தகப்பனின் மரணச் சான்றிதழையும் வைத்து, அவன் பெயரில் எல்எஸ்-262 ஐ இப்போதே அனுப்புங்கள்.